செவலை ருசித்த கடல் நாட்டுச் சாப்பாடு

செவலை ஆடு தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டது. "எதிர்த்தாப்புல மத்தியதரைக் கடல் நாட்டுச் சாப்பாட்டுக் கடை திறக்கறாங்க. முதல் வாய் என்னோடதுதான்!"

"உனக்கு ஒத்துக்குமா அக்கா?" என்றது பரோட்டாக் கடை வாசலில் படுத்திருந்த நாய்.

"சுவரொட்டியையே பசையோட ருசி பார்த்தவடா நான்!"

திறப்பு விழா அன்று செவலை ராணி மாதிரி கண்ணாடிக் கதவு வரைக்கும் நடந்து போனது. உள்ளேயிருந்து சுட்ட கறி வாசம் வந்தது. யாருடைய கறியோ! நாலு காலும் தானாகப் பின்வாங்கின. சாப்பிடாமல் திரும்பினாலோ தெருவே சிரிக்கும். பார்த்தால், வாசலில் இரண்டு வாழைமரம், மேலே மாவிலைத் தோரணம். வாசலில் இருந்தாலும் அந்தக் கடைச் சரக்குதானே? விரட்டும்வரை மென்றது.

"எப்படி அக்கா இருந்துச்சு?"

"கடல்காரங்க கைப்பக்குவமே தனிடா தம்பி! நார்நாரா, சாறு சொட்டச் சொட்ட! கடைசியில மொறுமொறுன்னு ஒரு இலை வேற!"

செவலையின் கொம்பில் தோரணக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. நாய் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, அதைப் பல்லால் மெல்லக் கழற்றிக் கீழே போட்டது.

"கொடுத்து வச்சவ அக்கா நீ."

மறுநாள் காலையில் கடைக்காரர்கள் வாழைமரங்களை அவிழ்த்து எடுத்துப் போய்விட்டார்கள். செவலை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வந்தது.

"ஒரே நாள்ல தரம் போச்சுடா தம்பி!"