நாற்பது நொடி

"உங்க வீட்டு இசைத்தட்டுலயும் கீறல் இருந்தா இப்பவே சொல்லிடுங்கம்மா, வாசலோட போயிடறேன். என் வீட்டுல ஏற்கெனவே முப்பத்தோரு தட்டு கிடக்கு, அத்தனையும் கீறல்!"

கதவைத் திறந்த, மறைந்த பேண்டு மாஸ்டரின் மனைவி, வந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள். எழுபதைத் தாண்டிய மனிதர். அவர் மூச்சிரைத்ததைப் பார்த்தால் மூன்று மாடி ஏறியவராகத் தெரியவில்லை. மூன்று கண்டங்களை நடந்தே கடந்தவர் போலிருந்தது.

"முதல்ல உட்காருங்க சார். முப்பத்தொண்ணும் ஒரே தட்டா?"

"ஒரே தட்டுதான். உங்க வீட்டுக்காரரோட ராணுவ பேண்டு ஜாஸ் வாசிச்சதே ஒரு தடவைதானே! ரெண்டாவது பக்கம், கடைசிப் பாட்டு. அத்தனை டிரம்பெட்டும் அட்டென்ஷன்ல நிக்கிற மாதிரி விறைப்பாப் போய்க்கிட்டிருக்கும். திடீர்னு டிரம்ஸ்காரன் ஆட்டம் போட வைக்கிற ஃபங்க் தாளத்துக்குத் தாவிடுவான். நாற்பதே நொடி. சாகறதுக்குள்ள ஒரு தடவை அதை முழுசாக் கேட்டுடணும்மா. ஆனா எந்தத் தட்டைப் போட்டாலும் சரியா அந்த இடத்துல ஆணிக் கீறல். ஊசி தவ்வி ஓடிடுது."

"கீறச் சொன்னதே அவர்தான்" என்றாள் அவள். "சீருடை போட்டவன் இடுப்பை ஆட்ட வைக்கிறதாவதுன்னு வீட்டையே ரெண்டாக்கிட்டார். அதுக்குள்ள ஐநூறு தட்டு அச்சாகி வந்துடுச்சு. தூக்கிப் போட மேலிடம் விடலை. ஒரு ஆளை உட்கார வெச்சுக் கீறச் சொல்லிட்டார்."

"கீறினவன் கை விளங்காமப் போக!"

"அட, எவனோ ஒரு சிப்பாய். உத்தரவுன்னா என்ன பண்ணுவான் பாவம்?"

"மாட்டேன்னு சொல்லியிருக்கணும். கோழைப் பய."

அந்தக் கோபத்தின் சூட்டில் ஒரு பானை வெந்நீர் போட்டிருக்கலாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய், மடித்து வைத்த சீருடைகளுக்கு அடியிலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்து வந்தாள். கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஒரு கீறல் இல்லை.

"ஐநூறுல இதை மட்டும் முன்னாடியே ஒளிச்சு வெச்சுக்கிட்டார் சார். ஞாயித்துக்கிழமையானா கதவைச் சாத்திக்கிட்டு அந்த நாற்பது நொடியை மட்டும் போடுவார். சாவித் துவாரம் வழியாப் பார்ப்பேன். என்னமா ஆடுவார்ங்கறீங்க! தொப்பை ஒரு பக்கம், மீசை ஒரு பக்கம்!"

வந்தவர் சிரிக்கவில்லை. "ஆடினாரா?" என்றார் மெதுவாக.

அவள் ஊசியை வைத்தாள்.

டிரம்பெட்டுகள் அணிவகுத்து வந்தன. அப்புறம் அந்த டிரம்ஸ்! நாற்காலி அதிர்ந்தது, ஜன்னல் அதிர்ந்தது, பக்கத்துத் தெருவில் நடக்கிறவர்களின் இடுப்புகூடத் தானாக ஒருமுறை ஆடியிருக்கும். வந்தவர் மட்டும் கண்ணை மூடி, கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தட்டு நின்றது.

"அடேயப்பா!" என்றாள் அவள். "இந்த டிரம்ஸ்காரன் யாருன்னு அட்டையில பேர்கூட இல்ல. அவனை என்ன பாடு படுத்தினாரோ!"

"ஒண்ணும் பண்ணலைம்மா" என்றார் வந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆணியைக் கையில கொடுத்து, 'நீ அடிச்சதை நீயே அழி'ன்னார். கீறி முடிச்சு எண்ணினேன், நானூத்தித் தொண்ணூத்தொம்பதுதான் இருந்துச்சு."