தப்பு ரேக்

பிரேக் பேட் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, அது சைடு மிரர் ரேக்கில் ஏறிவிட்டதாக ஸ்கேனரிடம் பொய் சொன்னாள் அம்பாரோ. பீப் என்றது. பச்சை விளக்கு எரிந்தது.

"அவ்ளோதான் கொமாத்ரே. பொய்யக்கூட அப்படியே நம்புது பாருங்க, மக்குப் பெட்டி!" என்று பின்னாலிருந்து சிரித்தான் எவரிஸ்தோ.

தொலூக்கா ஊர் எல்லையில் இருந்த அந்தக் கார் உதிரிபாகக் கிடங்கில் புது சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கிய முதல் நாள் அது. எந்தப் பெட்டி எந்த ரேக்கில் இருக்கிறது, எந்த லாரியில் ஏற வேண்டும் என்பதையெல்லாம் இனிமேல் அதுதான் சொல்லும். அதுவரை சொல்லிக்கொண்டிருந்தது அம்பாரோவும் அவளோடு வேலை செய்தவர்களும்.

எவரிஸ்தோ போன வருஷம்தான் சால்தியோவிலிருந்து வந்து சேர்ந்தான். வந்த வேகத்தில் எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் அவன்தான் முதல் ஆள் என்றாகிவிட்டது. அம்பாரோவின் கடைக்குட்டிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக நின்றதும் அவனே. அன்றிலிருந்து அந்த ஞான உறவைச் சொல்லி அவன் அவளைக் கொமாத்ரே என்றும், அவள் அவனைக் கொம்பாத்ரே என்றும்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

சாஃப்ட்வேர் வரப்போகிறது என்று தெரிந்ததும், கேன்டீனில் பெஞ்சு மேல் ஏறி நின்று பேசினான்.

"சால்தியோ குடோன்லயும் இதே பெட்டிதான் வந்துச்சு. ஒண்ணும் ஆகாதுன்னு தேனா பேசினாங்க. கடைசியில வேலையில ஒருத்தர்கூட மிஞ்சல. என் கண்ணால பாத்தேன். இங்க அது நடக்கக் கூடாதுன்னா, முதல் நாளே இதோட மூக்க உடைச்சு அனுப்பணும்."

"மாட்டிக்கிட்டா?" என்று கேட்டாள் அம்பாரோ.

"எல்லாரும் சேந்து செஞ்சா யாரப் புடிப்பான்? குவாதலூப்பே மாதா மேல சத்தியம், உங்களயெல்லாம் நடுத்தெருவுல விடமாட்டேன்." கழுத்தில் தொங்கிய பதக்கத்தை எடுத்து முத்தமிட்டான். அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

மத்தியானத்துக்குள் கிடங்கு சந்தைக்கடை ஆனது. பேட்டரி கேட்ட கடைக்கு வைப்பர் கிளம்பியது. கிளட்ச் ஏற்ற வந்த லாரிக்கு எந்த ரேக்கில் தேடியும் கிளட்ச் கிடைக்கவில்லை. டிரைவர்கள் வாசலில் நின்று அர்ச்சனை செய்தார்கள்.

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்திருந்த ரெனாத்தா நிறைமாதக் கர்ப்பிணி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரேக்குக்கு ரேக் ஓடினாள். காலையில் ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஸ்கேனர் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"எங்க தப்பு பண்ணினேன்னே தெரியலையே அக்கா. இந்த சாஃப்ட்வேர் ஓடலேன்னா என் வேலையும் போச்சு. இந்த நெலமையில வேற எவன் எனக்கு வேலை குடுப்பான்?" என்று அம்பாரோவிடம் சொன்னாள். அப்படியே ரேக்கில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்பாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நேராக எவரிஸ்தோவிடம் போனாள். "போதும் கொம்பாத்ரே. அந்தப் பொண்ணு பாவம். நிறுத்திக்கலாம்."

"பாவம் பாத்தா நம்ம புள்ளைங்க வாயில மண்ணுதான். போய் வேலையப் பாருங்க."

போனாள். இரண்டு பெட்டிதான் எடுத்தாள். மூன்றாவதைத் தூக்கக் கை வரவில்லை. ஸ்கேனரை அங்கேயே வைத்துவிட்டு மாடியேறி, மேலாளர் கிரோஸின் அறைக்கதவைத் தட்டினாள்.

"சார், ரெனாத்தா மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் வேணும்னே தப்பு ரேக்குல ஏத்தினேன். என்னய அனுப்பிடுங்க. அவள விட்டுருங்க."

கிரோஸ் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"நீங்க மட்டுமா? ஒவ்வொரு பீப்பும் யார் பேர்ல விழுந்துச்சுன்னு அந்த சாஃப்ட்வேருக்குத் தெரியும்மா. கீழ இருக்கிற எல்லாரும் அதுல இருக்கீங்க. தெரியாம செஞ்சதா, வேணும்னே செஞ்சதான்னு மட்டும் யாராவது வாயால சொல்லணும். யாரும் வரலையேன்னு பாத்துட்டு இருந்தேன். நீங்க வந்துட்டீங்க."

அம்பாரோவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"வேணும்னே நஷ்டம் பண்ணினவங்களுக்கு வேலைய விட்டு அனுப்பும்போது சட்டப்படி செட்டில்மென்ட் பணம் கிடையாது. நாளையிலேர்ந்து யாரும் வரவேண்டாம்."

"சார், எல்லாரும் புள்ளகுட்டிக்காரங்க சார்..."

"ரெனாத்தா பத்திக் கவலப்படாதீங்க. பழைய பதிவு பத்திரமா இருக்கு. சாயங்காலத்துக்குள்ள அவங்களே சரிபண்ணிடுவாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க வந்து சொல்லாட்டியும் ஆகியிருக்காது."

கீழே லாரிக்காரன் ஒருவன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தது. எவரிஸ்தோ உள்ளே வந்தான். இவனையும் பிடித்துவிட்டார்கள் என்று பதறிப்போய் அவனுக்கு முன்னால் ஓடி நின்றாள் அம்பாரோ.

"இவர் மேல ஒண்ணும் இல்ல சார்! எம் புள்ளைக்கு ஞானத்தகப்பன் சார், ஒரு பாவமும் அறியாத மனுஷன். நான்தான் எல்லாரையும் தூண்டிவிட்டேன். மாதா மேல சத்தியமா நான்தான்!"

எவரிஸ்தோ அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கிரோஸ் எழுந்து அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க எவரிஸ்தோ. சால்தியோ மாதிரியே இங்கயும் முடிஞ்சுது. அடுத்தது கெரேத்தாரோ குடோன். திங்கக்கிழமையே போய்ச் சேந்துருங்க."