சந்தனம் வைத்த சுவிட்ச்

சிரிக்காமல் கேளுங்கள், கண்ணுகளா. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் ஜாதகக் கடை குழந்தைவேலுவின் பழைய கம்ப்யூட்டர் உயிர் பெற மறுத்துவிட்டது. பத்துப் பொருத்தம் பார்க்க வந்திருந்த இரண்டு அம்மாக்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் சரி என்றால்தான் கல்யாணம் என்று இரண்டு வீட்டு ஆண்களும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

குழந்தைவேலு பெட்டியைக் கழற்றினார், வாயால் ஊதினார், ராம் எனும் நினைவக அட்டையை உருவி அழிரப்பரால் தேய்த்துச் சொருகினார். பலனில்லை. அதற்குள் பெண்ணின் அம்மா செண்பகவடிவு தன் வீட்டுப் பூஜைச் சுண்டலைப் பிரித்துப் பையனின் அம்மா பேச்சியம்மாளுக்கு நீட்டினாள். சுண்டல் தீர்வதற்குள் முழங்கால் வலி, மாமியார் குணம் எல்லாம் பேசி முடித்து, ஒருத்தி தோளில் ஒருத்தி தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு ஊக்கு இருந்தாக் குடுங்கம்மா. நேத்து பூஜையில சுவிட்சு மேல சந்தனத்தை அப்பிட்டேன். அது காஞ்சு உள்ளயே பிடிச்சிக்கிட்டு!”

பேச்சியம்மாள் தயங்கித் தயங்கித்தான் ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் சந்தனத்தைச் சுரண்டி எடுத்ததும் திரை வெளிச்சமானது. இரண்டு ஜாதகத்தையும் ஏற்றினார். ‘சற்றுப் பொறுக்கவும்’ என்றது கம்ப்யூட்டர். அம்மாக்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திரை பொசுக்கென்று இருண்டது.

“யாரும்மா பிளக்கைப் புடுங்குனது?”

“என் காலு பட்டுட்டு, அண்ணாச்சி,” என்றாள் பேச்சியம்மாள்.

செண்பகவடிவு குனிந்து பார்த்தாள்.

“எந்தக் காலு, மதினி?”

“வலது காலுதான். நல்ல காரியம்லா!”