1147 ஏற்கெனவே உள்ளது

முன்னூற்றுப் பதினெட்டாவது வரியில் மேக்ரோ நின்றது.

திரையில் ஒரு கட்டளை மட்டும் மஞ்சளாகக் கிடந்தது.

அவன் பிழைச் செய்தியை மூடினான். மறுபடி ஓட்டினான். அதே இடம்.

பட்டியலைத் தானாகத் தொகுக்கும் அந்தச் சிறு நிரலை எழுதியவன் அவன்தான். மில் ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுப் பட்டியல். ஊழியர் எண்ணைக் கொடுத்தால் அதிலுள்ள டிக்‌ஷனரி என்னும் அட்டவணை கணவன் அல்லது மனைவியின் பெயரை எடுத்துத் தரும். ஓர் எண்ணுக்கு ஒரு பெயர். சேர்த்த எண்ணையே மீண்டும் சேர்க்கப் போனால் நின்றுவிடும்.

எந்த எண் என்று பார்த்தான்.

1147.

அவனுடைய எண்.

ஷீட்டில் அது இரண்டு இடங்களில் இருந்தது.

மேகலா, 27. போன வருடத்து வரி.

சுகந்தி, 21.

மேகலா இறந்து எட்டு மாதம். சுகந்தி அவளுடைய தங்கை.

அவன் எந்தப் படிவமும் கொடுக்கவில்லை.

எதிர் மேசையிலிருந்து சூப்பிரண்டெண்ட் அழகர்சாமி எட்டிப் பார்த்தார்.

"மேக்ரோவுக்கே வெக்கம் வந்துருச்சா தம்பி?"

அவன் நிமிரவில்லை.

"உங்க மாமனார்தான் ஃபார்ம் எழுதிக் குடுத்தாரு. முப்பது வருசம் நம்ம மில்லுல இருந்த மனுசன், மாட்டேன்னா சொல்ல முடியும்? தையில கல்யாணம், கையோட கார்டு வந்துரும்ல. பழச எடுத்துட்டுப் புதுச வச்சு ஓட்டுங்க. பன்னெண்டுக்குள்ள அனுப்பணும்."

எடுக்கக்கூட வேண்டியதில்லை.

அந்தக் கட்டளையை அழித்துவிட்டு ஒரு சமக்குறி போட்டால் போதும். நிற்காது. பழைய பெயர் இருந்த இடத்தில் புதிய பெயர் உட்கார்ந்துகொள்ளும். செய்தி எதுவும் வராது. முன்பு யார் இருந்தார் என்று பிறகு கேட்டால் டிக்‌ஷனரிக்குத் தெரியாது.

ஆதிராவுக்கு இரண்டு வயது. மாமனார் வீட்டில் வளர்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போய்ப் பார்ப்பான்.

போன மாதத்திலிருந்து அவள் சுகந்தியை அம்மா என்கிறாள்.

யாரும் திருத்தவில்லை. அவனும்.

கீழே கேட்டில் மாமனார் பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார். சுகந்தியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு பதில் வாங்கிப் போக வந்திருந்தார். மாட்டேன் என்றால் சுகந்திக்கு வேறு இடம் பார்ப்பார்கள். பிள்ளையை அவன் தன்னிடமே அழைத்துப் போய்விட வேண்டும். ஞாயிறன்றே சொல்லியாயிற்று.

அவனுக்கென்று வேறு யாருமில்லை என்பது அவருக்குத் தெரியும்.

சமக்குறியைப் போட்டான்.

ஓட்டவில்லை.

போன் அதிர்ந்தது. சுகந்தி. கேட்டிலிருந்து அனுப்பியிருந்தாள்.

"அத்தான், நீங்களே வேணாம்னு சொல்லிருங்க. நான் ரெண்டு தடவ சொல்லிப் பாத்துட்டேன். சின்னப் பிள்ள, உனக்கென்ன தெரியும்ங்கறாங்க."

இன்னொரு முறை படித்தான்.

சமக்குறியை அழித்தான்.

சுகந்தியின் வரியை நீக்கினான். அது எளிதாக இருந்தது.

மேகலாவின் வரிக்கு வந்தான். வயதைப் பார்த்தான். இனி ஏறாத வயது.

அதையும் நீக்கினான்.

மேக்ரோ எங்கும் நிற்காமல் முடிந்தது.

"ஓடிருச்சா?" என்றார் அழகர்சாமி.

"ஓடிருச்சு சார்."

அனுப்பிவிட்டுப் படியிறங்கினான்.

வாட்ச்மேன் பெஞ்சிலிருந்து மாமனார் எழுந்தார். சுகந்தி சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். இடுப்பில் ஆதிரா. சுகந்தி அவனைப் பார்க்கவில்லை.

"வாங்க மாப்ளே."

"வேண்டாம் மாமா."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. மகளைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்து அவன் கையில் கொடுத்தார்.

பிள்ளையின் துணிகள். மடித்து, அடுக்கி, பால் புட்டியோடு.

வரும்போதே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"அப்ப பிள்ளைய வாங்கிக்கங்க."

அவன் கைகளை நீட்டினான்.

ஆதிரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுகந்தியின் ஷாலைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாட்ட போ, தங்கம்" என்றாள் சுகந்தி.

பிடி இறுகியது.

வாட்ச்மேன் எழுந்து உள்ளே போய்விட்டார்.

சுகந்தியே பிரித்தாள். ஒவ்வொரு விரலாக. அவசரப்படாமல், வலிக்காமல்.

நான்கு விரல்கள் வந்துவிட்டன.

சுண்டு விரல் மட்டும் மிச்சம்.

அவள் அதைத் தொடவில்லை.