பரலோக மந்திரத்தில் ஓர் இருமல்

“நேற்றும் இருமினவர், லூர்த்தக்கா. இண்டைக்கும் இருமினவர். தடிமனும் இல்லை, காய்ச்சலும் இல்லை. இது கொழுப்பு.”

செபம் முடிந்த கையோடு, செருப்பைக்கூட மாட்டாமல், மக்டலீன் ஒழுங்கையிலேயே தொடங்கிவிட்டாள்.

செபமாலை மாதம். குருநகரில் அந்த ஒழுங்கைக்கு மாதா சுரூபம் வந்திருந்தது. நாளுக்கு ஒரு வீடு. மண்ணெண்ணெய் விற்கிற விலைக்கு, பொழுதுபடமுன்னமே கூடிச் செபத்தை முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு மந்திரத்திலும் முன்பாதியை லூர்த்தம்மா சொல்லுவாள். பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்லுவார்கள்.

இருமுகிறவர் கனிசியஸ். வள்ளம் கட்டுகிற தச்சர். கடவுள் இல்லை என்று பங்குச் சுவாமியாருக்கே நேரில் சொன்ன மனுசன். ஆனால் பாரிசவாதத்தில் விழுந்த பெண்சாதி கத்தரீனாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு ஒரு வீடு விடாமல் வந்துவிடுவார். அவளைச் சுரூபத்துக்கு முன்னால் இருத்திவிட்டு, தான் வாசற்படியில் குந்தியிருப்பார்.

“எல்லாத்துக்கும் இருமினால் வருத்தமெண்டு விடலாம். அருள்நிறை மந்திரத்துக்கு இருமல் இல்லை. பரலோக மந்திரத்துக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் வருது. அதுவும் சரியா நடுவிலை! சனம் திரும்பித் திரும்பிப் பாக்குது. பிள்ளையள் சிரிக்குதுகள்.”

“இருமல்தானே மக்டலீன், விடு.”

“உங்கடை செபத்தையெல்லோ குழப்புறார்? நீங்கள் கேக்காட்டில் நான் கேக்கிறன். வாங்கோ.”

கனிசியஸ் வீட்டுக்குப் போனார்கள். அவர் சீழ்க்கை அடித்தபடி, சீப்பால் கத்தரீனாவுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, நேராக் கேக்கிறன். நம்பாத ஆளுக்குச் செபத்திலை என்ன வேலை?”

“எனக்கு ஒரு வேலையும் இல்லைப் பிள்ளை. இவவுக்குத்தான் வேலை. இவவுக்குக் கால் ஏலாது. என்ரை கால் சும்மாதானே கிடக்கு.”

“கடவுளும் இல்லை, மோட்சமும் இல்லை. பிறகு என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு உயிர் வாழுறியள்?”

“இந்தக் கதிரையை.”

கத்தரீனா சிரித்தாள். அவளுக்கு ஒரு பக்க வாயால் மட்டுந்தான் சிரிக்க வரும்.

மக்டலீனுக்கு ஏறியது.

“பகிடியோ? லூர்த்தக்காவைப் பாருங்கோ. போன வருஷம் மகனின்ரை வள்ளம் வெறுமையாக் கரை ஒதுங்கினது. ஒரு நாள் செபத்தை விட்டவவோ? விசுவாசம் எண்டால் இது! உங்களிலை ஒரு இடி விழுந்தால் தாங்கிறதுக்கு என்ன இருக்கு?”

“விழுந்துதானே இருக்கு.” கனிசியஸ் சீப்பில் சிக்கிய மயிரை எடுத்தார். “விடிய எழும்பி இவவுக்குத் தேத்தண்ணி போடுறன். குடிச்சிட்டு, சீனி காணாதெண்டு பேசுவா. அண்டைக்கு எனக்கு அது போதும்.”

சொல்லிவிட்டு லூர்த்தம்மாவைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

“போதுமெண்டால் வீட்டிலை இருங்கோ. இல்லாட்டில் இருமாமல் வாங்கோ. நாளைக்கு ஒரு இருமல் கேட்டாலும் பிறகு இந்தக் கதிரை செபத்துக்கு வரப்படாது. இது எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு.”

எல்லாரும் என்றால் மக்டலீன்தான்.

கத்தரீனாவின் சிரிப்பு நின்றுபோனது. அவள் வெளியே போய்வருகிற இடம் அது ஒன்றுதான்.

“இருமமாட்டன்,” என்றார் கனிசியஸ்.

மறுநாள் மக்டலீன் வீடு. சுரூபத்தைச் சுற்றி அவள் வீட்டு நித்தியகல்யாணிப் பூ. கத்தரீனா முன்னால் கதிரையில். கனிசியஸ் படியில்.

லூர்த்தம்மா முழந்தாளில் நின்று பரலோக மந்திரத்தைத் தொடங்கினாள். முன்பாதி முடிய ஒரே ஒரு வரி இருந்தது. எல்லாம் கடவுளின் சித்தப்படியே ஆகட்டும் என்று சொல்லுகிற வரி.

அந்த இடத்தில் அவள் நிறுத்தினாள்.

சனம் காத்திருந்தது. வரி வரவில்லை.

வெறும் வள்ளம் கரை ஒதுங்கிய நாளிலிருந்து அந்த வரி லூர்த்தம்மாவின் வாயில் வந்ததில்லை. கோயிலில் சனத்தோடு சனமாய் நின்று வாயை மூடிக்கொள்ளலாம். முன்பாதி சொல்லுகிறவள் எங்கே ஒளிப்பது? இருந்தும் இந்த மாதம் முழுக்க ஒருவரும் அவளைக் கண்டுபிடிக்கவில்லை. ஏன் என்று அவள் யோசித்ததும் இல்லை.

இப்போது வீடு அப்படியே அமைதியாகக் கிடந்தது. பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். மக்டலீன் கண்ணைத் திறந்தாள். லூர்த்தம்மாவின் உதடு ஆடியது, சத்தம் வரவில்லை.

கனிசியஸ் படியில் இருந்தபடியே கத்தரீனாவின் கதிரையை ஒருதரம் பார்த்தார்.

பிறகு இருமினார். நல்ல நீளமான இருமல்.

சனம் திரும்பி அவரை முறைத்துவிட்டு, வழமைபோலப் பின்பாதியைத் தொடங்கியது.

செபம் முடிந்ததுதான் தாமதம், மக்டலீன் பாய்ந்து வந்தாள்.

“கேட்டியளே லூர்த்தக்கா? சொல்லியும் இருமினவர்! நாளைக்கு இந்தக் கதிரை வரப்படாது!”

கனிசியஸ் கதிரையைத் தூக்கக் குனிந்தார். லூர்த்தம்மா போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள்.

“வரட்டும் மக்டலீன். அண்ணை இருமாட்டில் என்னாலை செபம் சொல்லேலாது.”