அடுத்த கொன்சோல் எப்போ வரும்?

“பேனா எங்கடா?” என்று கேட்டுக்கொண்டே பிச்சைமுத்து மகனின் அறைக்குள் வந்து கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையில் நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள் ஒன்று. ஐம்பத்தெட்டு வயதில் டியூஷனுக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

யுகேந்திரன் பேனாவை நீட்டிவிட்டுக் கைப்பேசியை ஸ்டாண்டில் மாட்டினான். வீடியோ எடுப்பதற்கு முன்னால் அப்பாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

“புதுசா என்ன சொல்றானுங்க?”

“அடுத்த கேம் கொன்சோல்ல ரேம் முப்பது ஜிபியாம்பா. இருபத்து நாலுதான்னு இன்னொருத்தன் அடிச்சுச் சொல்றான்.”

“இரு, இரு. முப்பது... இருபத்து நாலு.” எழுதிக்கொண்டார். “எப்போ வருதாம்?”

“இருபத்தெட்டுக்குத் தள்ளிப் போகும்னு பேச்சு. ரேம் வெல ஏறிப் போச்சுல்ல.”

“வருஷத்த முழுசா சொல்லு.”

“ரெண்டாயிரத்து இருபத்தெட்டு.”

பிச்சைமுத்துவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “என்னடா இது? போன சனிக்கிழம ரெண்டாயிரத்து இருபத்தேழுன்னே!”

“எல்லாம் வதந்திதானப்பா. மாறிக்கிட்டேதான் இருக்கும் லா.”

“நல்லா விசாரிச்சுச் சொல்லுடா. உன்ன நம்பி ஒருத்தன் உக்காந்திருக்கேன்ல?”

யுகேந்திரன் சந்தோஷமாகத் தலையாட்டினான். ஜெலாப்பாங்கில் அவன் வேலை செய்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதன்பிறகு போன இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். வரப்போகும் விளையாட்டுக் கொன்சோல்களைப் பற்றித் தமிழில் ஒரு யூடியூப் சேனல் தொடங்கினான். நாற்பத்தொரு சந்தாதாரர்கள். அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், அவர்களும் பார்ப்பதில்லை.

“வெளாட்டு மெஷினப் பத்திப் பேசுனா சோறு வருமா?” என்று கேட்டுவிட்டு அப்பா ஒன்பது மாதம் அவனோடு பேசவே இல்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு ஒரு வார்த்தை கிடையாது. அது வேலை போனதைவிடப் பெரிய கொடுமையாக இருந்தது அவனுக்கு.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, அவன் கேமரா முன் பேசிக்கொண்டிருந்தபோது அப்பா கதவோரம் நின்று கேட்டார். அன்றிலிருந்து புதன், சனி, ஞாயிறு என்றால் நாலு மணிக்கு டாண் என்று ஆஜர். ராத்திரி முழுக்க ஜாகாவாகக் காவல் வேலை பார்த்த மனிதர், பாதித் தூக்கத்தில் எழுந்து வருவார். கேட்பார், குறிப்பார், தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கோப்பெங் டவுனுக்குப் போய்விடுவார்.

“டவுன்ல கூட்டாளிங்ககிட்ட என்னப் பத்தித்தான் சொல்றாரு போலம்மா,” என்றான் ஒருநாள்.

“உங்கப்பாவா?” என்று கேட்டுவிட்டு அம்மா நவமணி மீன் கழுவப் போய்விட்டார்.

இன்றைக்கு அப்பாவிடம் சொல்ல வேறொரு விஷயமும் இருந்தது. சிங்கப்பூர்க் கிடங்கு ஒன்றில் நண்பன் ரூபன் அவனுக்கு வேலை பார்த்து வைத்திருந்தான். ஆறு மணிக்குள் ஏஜெண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். துணிப்பையைக்கூட யுகேந்திரன் கட்டி வைத்துவிட்டான்.

“அப்பா, சேனல நிறுத்திடலாம்னு இருக்கேன்.”

பிச்சைமுத்து திடுக்கிட்டு நிமிர்ந்தார். “ஏன்டா? பைத்தியமா உனக்கு?”

“இதுல ஒண்ணும் வரல. சிங்கப்பூர்ல வேல இருக்கு...”

“சும்மா இருடா! மூணு மாசம் பாத்தாச்சு, இப்பப் போய் விடுறதா? கொஞ்சம் பொறுமையா இரு. ஒருநாள் இல்ல ஒருநாள் கட்டாயம் வரும்.” மகனின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தாளை மடித்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார்.

அப்பா அவன் தோளைத் தொட்டு எத்தனை வருடம் ஆயிற்றோ! உலகமே பார்க்காவிட்டால் போகட்டும். பெற்றவர் ஒருத்தர் உட்கார்ந்து எழுதிக்கொண்டு கேட்கிறாரே, வேறென்ன வேண்டும்? ரூபனை அழைத்தான்.

“நான் வரல மச்சான்.”

“கீலாவா லா நீ? பைத்தியமா? இத விட்டா வேற எங்கயும் எடுக்க மாட்டானுங்க. என்னதான் நெனச்சிருக்க?”

“எங்கப்பா என்ன நம்புறாருடா.”

ஆறேகாலுக்கு ரூபனிடமிருந்து செய்தி வந்தது. இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது. யுகேந்திரன் துணிப்பையைப் பிரித்துச் சட்டைகளை அலமாரியில் அடுக்கினான். மனது லேசாகத்தான் இருந்தது. பிறகு வீடியோவை முடித்து, கடைசியில் ‘என் அப்பாவுக்கு’ என்று எழுத்துப் போட்டான்.

ஏழு மணி தாண்டியிருந்தது. கூடத்தில் பிச்சைமுத்து ஜாகா சீருடையில் நின்றபடி கைப்பேசியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் செத்துப் போயிருந்தது. மறுகையில் அந்த நாள்காட்டித் தாளும், அதோடு ஒரு சின்னச் சீட்டும் கசங்கிக் கிடந்தன.

“அப்பா, இதப் பாருங்களேன். உங்களுக்காகப் போட்டிருக்கேன்.”

அவர் பார்க்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டுச் சொன்னார்:

“இனி வேற மெஷினப் பத்திப் பேசுடா, மூணு மாசமா குலுக்கல் நாள் தவறாம நீ சொன்ன நம்பரத்தான் எழுதுறேன், நாலு நம்பர் லாட்டரியில ஆறுதல் பரிசுகூட விழல!”