சூடு ஆறும் வரை

பத்தொன்பது நாள்களாக அவள் கணவனிடம் பேசவில்லை. அன்று ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் படகை இறக்கியதாக அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. படகை ஏற்றி இழுக்கும் டிரெய்லரோடு பட்டறைக்கு வந்தபோதும் அவர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். பேரிங்கில் கிரீஸ் மோர் மாதிரி வெளுத்திருந்தது.

“சீல் வழியா தண்ணி ஏறியிருக்கும்மா. ரோட்டுல ஓடின சூட்டோட டிரெய்லரைத் தண்ணில இறக்கினா பேரிங் தண்ணிய உறிஞ்சிக்கும். அரை மணி நேரம் ஆற விடணும்.”

“அவர் தொட்டுப் பார்த்து, ஆறினப்புறம்தான் இறக்குவார். எத்தனை அவசரம்னாலும்.”

“கடைசித் தடவை ஆற விடலைம்மா. கிரீஸே சொல்லுதே! மீன் எங்க ஓடிடப் போகுது?”

அவள் போய் வண்டிக் கதவைத் திறந்தாள்.

“நீங்க சொன்னது நிஜம்தாங்க,” என்றாள். “நம்ம பையன் முங்கிச் செத்த அன்னிக்கு, அவனைக் காப்பாத்தப் போறப்ப, சக்கரம் ஆறட்டும்னு நீங்க நிக்கலை.”